உப்புப் பார்த்த பிள்ளை

போட்டால் கண்ணுக்குத் தெரியாது. போட மறந்தால் ஊரே தேடும். கூடப் போட்டால் ஊரே எழுந்து ஓடும். அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்.

சர்க்கரையா? சர்க்கரை கூடினால் யார் எழுந்து ஓடுகிறார்கள்? கிண்ணத்தை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள். மிளகாயா? மிளகாய்தான் சிவப்பாகக் கண்ணுக்குத் தெரிகிறதே. உப்பு, தங்கச்சி, உப்பு. பத்திரிகைக்குச் சமையல் குறிப்பு எழுத மதுரையிலிருந்து வந்திருக்கிறீர்கள், உப்பு நினைவுக்கு வரவில்லை. பரவாயில்லை, டீயைக் குடியுங்கள். அதில் உப்பு இல்லை.

நோன்பு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதே வந்துவிட்டீர்களே என்று பார்த்தேன். முன்னாலேயே அச்சுக்குக் கொடுக்க வேண்டுமா? சரி. தொண்டியில் நோன்புக் கஞ்சிக்கு யாரைப் பார்ப்பது என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டீர்களாம். ஜெய்னம்பு வீட்டுக்குப் போங்கள் என்றார்களாம். சொல்லத்தான் செய்வார்கள். எதிர் வீட்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்களே? சொன்னார்களா? அங்கே பிறகு போகலாம். போகாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எழுதிக்கொள்ளுங்கள். நோன்புக் கஞ்சி. பச்சரிசி இரண்டு உழக்கு, மிக்ஸியில் போட்டு ஒன்றிரண்டாக உடைத்தது. வறுத்த பாசிப்பருப்பு அரை உழக்கு. வெந்தயம் ஒரு கரண்டி. பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு அதுதான் குளிர்ச்சி. பட்டை, கிராம்பு, ஏலம். வெங்காயம், தக்காளி. இஞ்சியும் பூண்டும் அரைத்தது. கொத்துக்கறி கால் கிலோ. புதினா, மல்லி ஒவ்வொரு பிடி. எல்லாம் குழைந்து வந்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால். ஊற்றியதும் இறக்கிவிட வேண்டும். உப்பு...

உப்பு என்று எழுதி, அங்கே கொஞ்சம் இடம் விடுங்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நோன்பு என்றால் விடியற்காலையிலிருந்து சூரியன் மறைகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நோன்பு திறக்க வேண்டிய அத்தனையையும் சமைப்பது யார்? அதே நோன்பு வைத்திருக்கிறவள்தான். நாலு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால், கஞ்சி, வாடா, சமோசா, கட்லெட், கடல்பாசி, சர்பத் என்று ஒவ்வொன்றாக இறங்கும். மணம் மூக்கு வரைக்கும் வரும். நாக்குக்குப் போகக் கூடாது. அப்படியென்றால் உப்புப் பார்ப்பது எப்படி?

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று ஹஜ்ரத் சொல்வார். ஹஜ்ரத் என்றால் எங்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற பெரியவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பாது. தெரியாமல் ஒரு துளி தொண்டைக்குள் இறங்கிவிட்டால்? பதிமூன்று மணி நேரம் பட்டினி கிடந்தது வீணாகிவிடாதா? இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. எழுதிக்கொள்ளுங்கள், ரொம்பக் கண்டிப்பு.

அதனால் எங்கள் தெருவில், நோன்பு வைக்கிற வயது வராத பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாதமும் ராஜ மரியாதை. சாயங்காலத்து அஸர் தொழுகை முடிந்ததும் வாசலுக்கு வாசல் குரல் கேட்கும். "ஏ புள்ள, இங்க வா, உப்புப் பாரு!" பிள்ளைகள் ஒவ்வொரு அடுப்படியாக ஏறி இறங்குவார்கள். பாதிப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்பார்கள். இன்னொரு கரண்டி கிடைக்குமே என்று.

என் தம்பி மகள் ஹுஸ்னா அப்படி இல்லை. நான் அவளுக்கு மாமி, உங்கள் பக்கத்து அத்தை. போன வருஷம் அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய நாக்கு தட்டான் தராசு. ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கி நக்குவாள். சுவரைப் பார்ப்பாள். "மாமி, ரெண்டு விரல் போடுங்க" என்பாள். இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு. மூணு விரல் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. போதும் என்றால் போதும். அதற்கு மேல் ஒரு கல் போட்டாலும் கூடிவிடும்.

எனக்குப் பிள்ளை இல்லை. அதை எழுத வேண்டாம்.

போன வருஷம் நோன்பு பிறந்த இரண்டாம் நாள், தம்பி சதக்கு எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னான். அவன் பினாங்கில் துணிக்கடையில் இருக்கிறான். பெருநாள் முடிந்ததும் பெண்டாட்டி ரிஸ்வானாவையும் கூட்டிக்கொண்டு போகிறானாம், ஒரு வருஷத்துக்கு. பிள்ளைக்கு விசா கிடைக்கவில்லை. பள்ளிக்கூடமும் கெடக் கூடாது. "ஹுஸ்னாவை யாராவது வச்சுக்கணும்" என்றான்.

"இதுல கேக்க என்ன இருக்கு? நான் வச்சுக்கறேன்" என்றேன் நான்.

"நான் வச்சுக்கறேன்" என்றாள் செய்தூன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இல்லை, நான் ஒரு நொடி முந்தி.

செய்தூன் யார் என்று சொல்லவில்லையே. ரிஸ்வானாவின் அக்கா. ஹுஸ்னாவுக்குப் பெரியம்மா. அந்த எதிர் வீடுதான். பார்க்காதீர்கள், ஜன்னலில் நிற்பாள். அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், இரண்டும் சென்னையில் வேலைக்குப் போய்விட்டன. வீடு வெறிச்சென்று கிடக்கிறதாம். என் வீடு மட்டும் என்ன, கல்யாண மண்டபமா?

தம்பி தலையைச் சொறிந்தான். ராத்தாவைப் பகைத்துக்கொள்ள முடியாது, பெண்டாட்டியின் அக்காவையும் பகைத்துக்கொள்ள முடியாது. ராத்தா என்றால் அக்கா, நான்தான். கடைசியில், "புள்ளை எந்த வீட்டுக்கு ஆசைப்படுதோ அங்க இருக்கட்டும். பெருநாளைக்கு முந்தின நாள் கேப்போம்" என்றான்.

அதோடு ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நோன்பு திறக்க அரை மணிக்கு முன்னால் வீட்டுக்கு வீடு தட்டு போகும். நீங்கள் செய்ததை நான் தின்ன வேண்டும், நான் செய்ததை நீங்கள் தின்ன வேண்டும். மேலே ஒரு துணி போட்டு மூடியிருக்கும். வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. நல்ல வழக்கம். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆறு சமோசா வந்தால் ஆறு வாழைப்பழத்தை வைத்து அனுப்ப முடியுமா?

நான் எதிர் வீட்டுக்கு இறால் வாடா அனுப்பினேன். அரிசிமாவை அடையாகத் தட்டி, நடுவில் இறாலும் தேங்காயும் வைத்துப் பொரிப்பது. அதையும் பிறகு சொல்கிறேன், எழுதிக்கொள்ளலாம். தட்டு கறி சமோசாவோடு திரும்பி வந்தது. மறுநாள் நான் சமோசாவை மிஞ்சி கட்லெட் அனுப்பினேன். கட்லெட் போன தட்டில் முட்டை வைத்த போண்டா வந்தது. நான் வட்டிலப்பம் அவித்தேன். பதினைந்து முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால். பெருநாளைக்குச் செய்கிற பண்டம். ஏழாம் நோன்புக்குச் செய்தேன். என் வீட்டுக்காரர், "பெருநாளைக்கு என்ன செய்வே?" என்று கேட்டார். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்தது ஹுஸ்னாதான். இரண்டு வீட்டிலும் உப்புப் பார்த்தவளும் அவள்தான். அவளுக்கு நான் தனியாக ஒரு கிண்ணம் கடல்பாசி எடுத்து வைப்பேன். கடல்பாசியைத் தண்ணீரில் காய்ச்சி, சர்க்கரையும் ரோஸ் எஸென்ஸும் ஊற்றி ஆற வைத்தால் கண்ணாடி மாதிரி நிற்கும். கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டிக் கொடுப்பேன். அவளுக்கு உயிர். தின்றால் நாக்கெல்லாம் ரோஸாகிவிடும்.

ஒரு நாள் அவள் நாக்கு பச்சையாக இருந்தது. பெட்டிக்கடையில் ஏதோ மிட்டாய் வாங்கித் தின்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை. இந்தக் காலத்தில் மிட்டாயில் என்னவெல்லாமோ கலக்கிறார்கள், அதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எழுத வேண்டும்.

மாடியில் இருந்த சாமான் அறையை ஒழித்தேன். சுவருக்கு ரோஸ் வர்ணம் அடிக்கச் சொன்னேன். ஒரு சின்னக் கட்டில், ஒரு மேசை, கண்ணாடி வைத்த அலமாரி. என் வீட்டுக்காரர் படியேறி வந்து பார்த்தார். "புள்ளையைக் கேட்டியா?" என்றார்.

"எதை?"

"ரோஸ் புடிக்குமான்னு."

"கடல்பாசி திங்கறாளே" என்றேன். அவர் இறங்கிப் போய்விட்டார். அவருக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இருபத்தாறாம் நோன்பன்று தம்பி வந்து சொன்னான். மறுநாள் அவன் வீட்டில் எல்லோரும் சேர்ந்து நோன்பு திறக்க வேண்டும். ஹஜ்ரத்தையும் கூப்பிட்டிருக்கிறான். "ராத்தா, உன் கஞ்சி. மச்சியோட சமோசா. வேற ஒண்ணும் வேணாம்" என்றான். மச்சி என்று அவன் சொன்னது செய்தூனை.

எனக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இருபத்தேழாம் நோன்பு, பிள்ளையைக் கேட்க இரண்டு நாள்தான் பாக்கி. அவளுடைய அத்தா, அம்மா, ஹஜ்ரத் எல்லோருக்கும் முன்னால் என் கஞ்சியும் செய்தூன் சமோசாவும் ஒரே விரிப்பில் உட்காரப் போகின்றன. செய்தூனுடைய சமோசா நன்றாக இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நான் நோன்பாளி, உண்மையைத்தான் பேச வேண்டும். நன்றாகத்தான் இருக்கும். அதுதான் தொந்தரவு.

மறுநாள் அஸருக்கு முன்னால் ஹுஸ்னாவைக் கூப்பிட்டேன். அப்படி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

"இன்னிக்குப் பெரியம்மா சமோசா மசாலுக்கு உப்புப் பாக்கக் கூப்பிட்டா, பத்தலைன்னு சொல்லிடு."

"பத்தியிருந்தா?"

"பத்தியிருந்தாலும்."

"அது பொய்தானே மாமி?"

"பொய் இல்ல. விளையாட்டு."

"நோன்புல விளையாடலாமா?"

"நோன்பு எனக்குத்தானே? உனக்கா?"

அவள் சுவரைப் பார்த்தாள். உப்புப் பார்க்கிறபோது பார்ப்பாளே, அந்த மாதிரி. "நான் நாளைக்கு நோன்பு வைக்கட்டுமா?" என்றாள்.

"ஒல்லிக்குச்சி, நீயா? அடுத்த வருஷம் வைக்கலாம்."

"போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்னீங்க."

"பெரியவங்ககிட்டக் குறுக்கே பேசாதே. கடல்பாசி ரெண்டு கிண்ணம் வச்சிருக்கேன்" என்றேன்.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? யோசித்துப் பாருங்கள், இதில் என் மேல் என்ன குற்றம்? நோன்பு வயிற்றுக்கு மட்டும் இல்லை, நாவுக்கும்தான் என்று ஹஜ்ரத் அந்த வாரம்தான் பயான் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இங்கே வரைக்கும் கேட்டது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையாட்டினேன். என் நாவு செய்தூனிடம் ஒரு வார்த்தை சொன்னதா? இல்லை. சொல்லப் போவது பிள்ளை. பிள்ளைக்கு நோன்பும் இல்லை, அந்த வயதில் அதற்குக் கணக்கும் எழுதப்படாது. எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் என் நோன்பு பத்திரமாக இருந்தது.

ஹுஸ்னா எதிர் வீட்டுக்குப் போனாள். நான் ஜன்னலில்... நான் தற்செயலாக ஜன்னல் பக்கம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் செய்தூனுடைய அடுப்படியில் உப்பு ஜாடி மூடி விழுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஒரு தடவை கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

பிறகு ஹுஸ்னா இங்கே வந்தாள். கஞ்சி கொதித்து அடங்கியிருந்தது. ஒரு சொட்டை அவள் உள்ளங்கையில் விட்டேன். நக்கினாள்.

"பத்தலை மாமி."

"எத்தனை விரல்?"

"ஒரு கை."

"ஒரு கையா?"

"உங்க கை" என்றாள்.

எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். முப்பது வருஷமாகக் கஞ்சி காய்ச்சுகிற கை, இவ்வளவு தூரம் தவறுமா? ஆனால் பிள்ளையின் நாக்கு பிள்ளையின் நாக்குதானே. அது என் பக்கத்துப் பிள்ளை வேறு. அள்ளிப் போட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமி, நீங்களும் ஒரு தடவை நாக்குல வச்சுப் பாருங்களேன். துப்பிடலாம்னு ஹஜ்ரத் சொன்னாருல்ல?" என்றாள்.

"நோன்பு விஷயத்தில மாமி எப்படின்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது போல இருந்தது. இருமினாள். தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினேன்.

தம்பி வீட்டில் கூடத்தில் ஆண்களுக்கு விரிப்பு, உள்ளறையில் எங்களுக்கு விரிப்பு. நடுவில் ஒரு திரை. திரை ஓரத்தில் இரண்டு விரல் சந்து இருந்தது. நான் அந்தப் பக்கமாக உட்கார்ந்தேன். செய்தூனும் அந்தப் பக்கமாகவே வந்து உட்கார்ந்தாள். இடம் இல்லாத மாதிரி. ரிஸ்வானா சர்பத் ஊற்றினாள். எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருந்தோம். "உன் கஞ்சி வாசமே தெரு முனை வரைக்கும் வந்துச்சு" என்றாள் செய்தூன், இனிக்க இனிக்க. "உன் சமோசாவைப் பாத்தாலே போதும், திங்கவே வேணாம்" என்றேன் நானும்.

பாங்கு சொன்னார்கள். பழத்தைத் தின்றோம், தண்ணீர் குடித்தோம். சந்து வழியாகப் பார்த்தேன். ஹஜ்ரத் கஞ்சிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். துஆ ஓதுகிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் திறக்கவே இல்லை. பிறகு மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்து, சர்பத்தை எடுத்துக் குடித்தார். இன்னொரு கோப்பை சர்பத் குடித்தார். கையை நீட்டி ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தார். மறுபடியும் கண்ணை மூடினார்.

"தம்பி, தர்பூசணி இருக்கா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் எழுந்து போனார். தம்பி ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, "யா அல்லாஹ்!" என்றான். அது தொழுகையில் சொல்கிற மாதிரி இல்லை.

இந்தப் பக்கம் ரிஸ்வானா, "என்ன ராத்தா இது, கடலையே காய்ச்சிட்டீங்களா?" என்றாள். சமோசாவைக் கடித்துவிட்டுத் தன் அக்காவையும் அப்படியே பார்த்தாள்.

நான் என்ன செய்வேன்? என் கஞ்சியில் குறை இருக்கிறது என்று நானே ஒத்துக்கொள்வதா? ஒரு கோப்பை முழுவதையும் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. செய்தூன் என்னைப் பார்த்துக்கொண்டே தன் சமோசாவை மூன்று தின்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர். நடுவில் தண்ணீர்ச் செம்பு ஒன்று இருந்தது. அவள் குடித்துவிட்டு என் பக்கம் நகர்த்துவாள், நான் குடித்துவிட்டு அவள் பக்கம் நகர்த்துவேன்.

அந்தப் பக்கம் தம்பி குரல் உயர்ந்தது. "ரெண்டு சட்டிக்கும் உப்புப் பாத்தது யாரு?"

யார் என்று தெருவுக்கே தெரியும். ஹுஸ்னா திரைக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய அத்தாவுக்கு அவள் முகம் தெரியும், எங்களுக்கும் சந்து வழியாகப் பாதி தெரியும்.

"ஹஜ்ரத் முன்னால என்னைத் தலைகுனிய வச்சுட்டியே. சாப்பாட்டுல விளையாடுவியா? எத்தனை பேரு பசியோட உக்காந்திருக்காங்க? வாயைத் திறந்து சொல்லு!"

ஹுஸ்னா திரும்பி, சந்து வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு செய்தூனைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான்தான் முதலில் பேசினேன், இதை எழுதிக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னாலிருந்து நான்தான் அவளுக்காகப் பேசினேன். "விடு தம்பி. சின்னப் புள்ளைதானே, ஏதோ விளையாட்டுத்தனமாச் செஞ்சுடுச்சு. அடிக்காதே" என்றேன்.

ஹுஸ்னா என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது செய்தூன் கையில் இருந்த சமோசாவைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளை, புள்ளையைத் திட்டாதீங்க" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "ஜெய்னம்பு கஞ்சியில உப்பு பத்தலைன்னு சொல்லச் சொன்னது நான்தான். கடல்பாசி குடுத்துச் சொல்லச் சொன்னேன். புள்ள வேணாம்னுதான் சொல்லுச்சு."

எப்படி இருக்கிறது? என் கஞ்சியைக் கெடுத்தது அவள்! நோன்பை வைத்துக்கொண்டு, ஒரு பச்சைப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்து! மனுஷிக்கு அல்லாஹ்வின் பயம் வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

தம்பி இறங்கின குரலில் கேட்டான். "அப்ப சமோசா?"

ஹுஸ்னா தரையைப் பார்த்தாள். சொல்லவில்லை. பார்த்தீர்களா? என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. எவ்வளவு பாசம் இருந்தால் ஒரு பிள்ளை அப்படி நிற்கும்? எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. மஃரிபுக்கு நேரம் ரொம்பக் குறைவு, தெரியுமோ? தொழுகையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? ஒளூ செய்ய, கை கால் முகம் கழுவ, எழுந்து போய்விட்டேன்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால், செய்தூன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இனிமே உன்னை உப்புப் பாக்கக் கூப்பிட மாட்டேன்டா" என்றாள். "நீ நோன்பு வைக்கணும்னு கேட்டியே, நாளைக்கு வையி. நான் விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பறேன்." நோன்பு முடிய இரண்டு நாள் இருக்கிறபோது இந்தத் தாராளம். அவளுக்கு இனி அந்த நாக்கு எதற்கு? எல்லாம் நாலு பேர் பார்க்கச் செய்கிற காரியம். தப்பை ஒத்துக்கொள்வதில்கூட ஒரு ஆடம்பரம் வேண்டியிருக்கிறது சிலருக்கு.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர், "நீயும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"என்னத்தை?"

உப்புத் தின்றவர், தண்ணீர் குடிக்க வேகமாக நடந்தார்.

மறுநாள் ஹுஸ்னா நோன்பு வைத்தாள். அதற்கு மறுநாளும் வைத்தாள். மெலிந்துதான் போனாள், நான் சொன்னேனே. இரண்டு நாளும் தட்டு தூக்க வரவில்லை. தெருவில் அந்த இரண்டு நாளும் யார் வீட்டிலும் உப்பு சரியில்லை. நானும் எதிர் வீட்டுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. செய்தூன் ஒரு நாள் அனுப்பினாள், கடல்பாசி. பச்சை நிறம். தட்டை வெறுமனே அனுப்பக் கூடாதே என்று ஒரு கிண்ணம் சர்க்கரை வைத்து அனுப்பினேன்.

பெருநாளைக்கு முந்தின நாள் நோன்பு திறந்த பிறகு, பிறை தெரிந்துவிட்டது என்று பள்ளிவாசலில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். நான் மாடி அறைச் சாவியைக் கையோடு எடுத்துப் போனேன். எனக்குக் கவலையே இல்லை, தங்கச்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் முழுக்க ரோஸ் கடல்பாசி கொடுத்தவள் நான். அறைக்கு வர்ணம் அடித்தவள் நான். அவளுடைய அத்தா கோபப்பட்டபோது முதலில் தடுத்தவள் நான். அவளைப் பொய் சொல்ல வைத்தேன் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டவள் செய்தூன். பிள்ளை என்ன, முட்டாளா?

செய்தூன் மூலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோற்றுப்போன முகம். "நான் கேக்க வரல மாப்பிள்ளை. கூப்பிட்டீங்கன்னு வந்தேன். புள்ள அவ மாமிகூடவே இருக்கட்டும்" என்றாள். அதுவாவது அவளுக்குப் புரிந்ததே என்று நினைத்தேன்.

ரிஸ்வானா பிள்ளைக்குக் கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் போய்க் குந்தினான். "ஹுஸ்னா, யாருக்கும் பயப்படாமச் சொல்லு. மாமி வீடா, பெரியம்மா வீடா?" என்று கேட்டான்.

மருதாணி காயாததால் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள்கூட. நானும் சிரித்தேன்.

பெரியம்மா வீடு என்றாள்.